எதிராளிக்கும் பொருந்தும் சான்று

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "‘கீழ்க்காண்பவற்றுள் எது இந்த வாதத்தை வலுப்படுத்தும்?’ என்று கேட்டால், எனக்கு எல்லா விடைகளுமே சரியாகத் தோன்றுகின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?"

பாடநூலில் இருப்பதை விரைவாகக் கடந்துவிடுவோம். வாதம் என்பது சில தகவல்கள், அவற்றிலிருந்து எடுத்த ஒரு முடிவு, இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட ஒரு எடுகோள். ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகளில், விடையாகத் தந்திருப்பதை உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அது முடிவை நிரூபிக்க வேண்டியதில்லை. முடிவின்மீது நமக்குள்ள நம்பிக்கையைச் சற்றுக் கூட்டினால் போதும்.

அந்த நம்பிக்கை எப்போது கூடுகிறது என்பதுதான் சுவையான கேள்வி.

1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா கடுமையாகப் பரவியது. பிராட் தெரு அடிகுழாயின் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பியவர்கள். ஸ்னோவின் வாதத்தை வலுப்படுத்துவது எது என்று ஒரு தேர்வில் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"குழாயைச் சுற்றியுள்ள வீடுகளில் மேலும் பலர் இறந்தனர்" என்று ஒரு விடை. கை தானாக அதன்மேல் போகும். ஆனால் காற்றுக் கட்சிக்காரர் அசையமாட்டார். "அந்தத் தெருவின் காற்று அவ்வளவு மோசம், நான் சொன்னதும் அதுதானே?" என்பார்.

இன்னொரு விடை, ஸ்னோ உண்மையிலேயே தேடிப் பிடித்த செய்தி. சோஹோவிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை காலராவால் இறந்தார். அவர் பல மாதங்களாகச் சோஹோ பக்கமே வரவில்லை. ஆனால் பிராட் தெருக் குழாய் நீர்தான் வேண்டும் என்று அதை வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் அப்போது வேறு யாருக்கும் காலரா இல்லை. காற்றுக் கட்சிக்காரர் இப்போது என்ன சொல்வார்? சோஹோவின் காற்று அந்தப் பெண்ணிடம் போகவே இல்லை, நீர் மட்டும்தான் போனது. மறுபுறம், குழாய்க்கு அருகிலேயே வேலை பார்த்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள். அவர்கள் சுவாசித்தது அதே காற்று, குடித்தது வேறு.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நீரா காற்றா என்பதில் சரிபாதி ஐயம் என்று வைத்துக்கொள்வோம். நீர்தான் காரணம் என்றால் ஒரு சான்று கிடைக்க 90% வாய்ப்பு, காற்று என்றாலும் அதே 90% என்றால், அது கிடைத்த பிறகும் நீங்கள் 50 விழுக்காட்டிலேயே நிற்பீர்கள். காற்றின் கீழ் அந்த வாய்ப்பு 30% மட்டும் என்றால், நீரின்மீதான நம்பிக்கை 75 விழுக்காட்டுக்கு ஏறும். ஆக, சான்று நம் கருத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். எதிர்க் கருத்துக்கு அது எவ்வளவு பொருந்தாமல் போகிறது என்பதே எடையைத் தீர்மானிக்கிறது. விடைகளைப் படிக்கும்போது எதிராளியாக மாறி, "இது எனக்கும் பொருந்துமே" என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்ல முடிகிற விடைகளை அடித்துவிடலாம்.

சோதிடம் பலித்த கதைகள் என்னை அசைக்காததும் இதனால்தான். கிரகங்கள் ஒன்றும் செய்யாத உலகிலும் அதே அளவு கதைகள் கிடைக்கும். ஆய்வு நிதி ஒதுக்குபவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு: மருந்து தரப்படாத ஒப்பீட்டுக் குழுவுக்கான செலவை வீண் என்று வெட்டுகிறவர்கள், எதிராளியின் வாயை அடைக்கும் ஒரே சான்றை வெட்டுகிறார்கள்.

ஸ்னோவின் கதையில் மிகப் புகழ்பெற்ற காட்சி, செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்றியது. தேர்வு விடையாக வந்தால் நான் அதைத் தொடமாட்டேன். மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடியதால் நோய் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. இதை ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார்.