வெளுத்த பவளத்தை வீசிவிடாதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது வீடு. பாளையங்கோட்டையில் நான் பராமரிக்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்றில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதாகி, இரண்டே நாளில் தண்ணீர் 31 பாகை செல்சியசைத் தொட்டதில் காளான் பவளங்கள் அத்தனையும் வெளுத்துப்போயின. நான் போய்ச் சேர்வதற்குள் தொட்டிக்காரர் பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கையும் கூட்டிவிட்டு, "செத்தத எடுத்து வீசிரலாமா அண்ணாச்சி?" என்று வலையும் கையுமாக நின்றார்.

செத்த பவளம் கரையும், நாறும். இவை நாறவில்லை. கண்ணாடிக் குச்சியால் ஒன்றின் விளிம்பை மெல்லத் தொட்டபோது, சோம்பலாகவேனும் அது சுருங்கியது. பவளத்தின் பழுப்பு நிறம் அதன் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசியினுடையது. சூட்டில் பாசி வெளியேறிவிட்டால் எஞ்சுவது உயிரோடு பட்டினி கிடக்கும் ஒரு விலங்கு. தொட்டிச்செடி வெளிறினால் வெயிலில் நகர்த்தி வைக்கும் பழக்கத்தில் இதற்கும் விளக்கைக் கூட்டுகிறார்கள். பவளம் செடி இல்லை என்பதை இன்னும் எத்தனை வீட்டில் சொல்வேனோ! பாசியை இழந்த திசுவுக்கு வெளிச்சத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சப் பாசியையும் அது விரட்டிவிடும்.

ஆகவே விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாமல், தண்ணீருக்கு மேல் சிறு மின்விசிறி வைத்து, நாளுக்கு ஒரு பாகையாக 26 வரை இறக்குங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு தொட்டியிலேயேதான் தங்கியிருக்கிறது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டாம். அதையும் முதல் நாளே உப்புக் கலந்து, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என அளந்து வையுங்கள். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது.

தோல் போல மெத்தென்றிருக்கும் தோல் பவளம் சில நாள் மூடிக்கிடந்து மெழுகு போன்ற மேலேட்டை உரிப்பது அதன் இயல்பு. அதற்காக நள்ளிரவில் என்னை எழுப்பாதீர்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்ததென்று கல்பவளத்தை யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது, அந்தத் தொட்டிக்கு நான் வரமாட்டேன்.

பாளையங்கோட்டைப் பவளங்களுக்கு இன்றோடு பதினொரு நாள். இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. நேற்று மிளகளவு நறுக்கி வைத்த இறாலை இரண்டு மட்டும் விளிம்பை மடித்து, பை போலக் குவிந்து உள்ளே இழுத்துக்கொண்டன.