சர்வர் டிஸ்க்: பிரிப்பதைவிட மிச்சம் வைப்பதே முக்கியம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைச் சர்வரில் நிறுவும்போது டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கும் திரையைப் பலரும் 'எல்லாம் ஒரே பார்ட்டிஷனில்' என்று தேர்ந்தெடுத்துக் கடந்துவிடுகிறார்கள். அந்த முடிவை மாற்றத்தான் பிறகு சர்வரை நிறுத்திவிட்டு ராத்திரி கண்விழிக்க வேண்டியிருக்கிறது.

1 டிபி எஸ்எஸ்டி, 32 ஜிபி ரேம், ஒரு வலைத்தளம், அதற்கு ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிள், புதிய முறையான ஜிபிடியாகவே இருக்கட்டும். பழைய எம்பிஆர் முறை, டிஸ்க்கின் சிறு துண்டான செக்டரின் எண்ணை 32 பிட்டில் குறிப்பதால், 512 பைட் செக்டரில் சுமார் 2 டிபிக்கு மேல் அதனால் எட்ட முடியாது. யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய ஃபர்ம்வேர்) இயந்திரத்துக்கு ஃபேட்32 ஃபார்மட்டில் 512 எம்பி இஎஸ்பி, அதாவது பூட் கோப்புகளுக்கான பார்ட்டிஷன், வேண்டும். பழைய பயாஸ் என்றால் 1 எம்பி 'பயாஸ் பூட்' பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் விடுங்கள். அது இல்லாவிட்டால் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் க்ரப் தன்னை எழுதிக்கொள்ள இடமின்றி, நிறுவலின் கடைசிப் படியில் பிழை வரும். /பூட்டுக்கு 1 ஜிபி போதும். அதைக் குறுக்கினால் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்து அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும்.

மீதி முழுவதும், இடத்தைப் பிறகு அளவு மாற்றக்கூடிய வால்யூம்களாகப் பிரித்துத்தரும் எல்விஎம்முக்கு. அதில் ரூட் (இயங்குதளம்) 30 ஜிபி, /வார் (மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகள்) 20, /வார்/லாக் (பதிவுக் கோப்புகள்) 15, /ஹோம் (பயனர் கோப்புகள்) 10, போஸ்ட்கிரஸ் தரவு 150, ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) 4. சுமார் 700 ஜிபியை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள். அது வீணல்ல. எக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையில் 'ஆர்' தேர்வைச் சேர்த்தால் வால்யூமும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே வளரும். சுருக்குவதற்கோ அன்மவுண்ட் செய்தே (பயன்பாட்டிலிருந்து கழற்றியே) ஆகவேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்குவதை நம்பித் திட்டமே போடக்கூடாது. ஸ்னாப்ஷாட் (வால்யூமின் அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுக்கவும் இந்தக் காலியிடம்தான் உதவும்.

லாக்கைத் தனியே வைப்பதில் சமரசமே வேண்டாம். ஏதோ ஒரு புரோகிராம் ஒரே பிழையை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எழுதத் தொடங்கினால் போதும், விடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் போஸ்ட்கிரஸ் தன் 'WAL' கோப்பை (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) எழுத முடியாமல் 'பேனிக்' சொல்லிப் படுத்துவிடும். தனியே இருந்தால் லாக் எழுதுவது மட்டும் நிற்கும். பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், அதை ஏதோ ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது; அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் விடுபடும்.

பாதுகாப்புக்காக எல்லாவற்றிலும் 'நோஎக்ஸெக்' (அங்கிருந்து புரோகிராம் ஓடத் தடை) போடுகிறவர்கள் /வாரை விட்டுவிட வேண்டும். டெபியன் பேக்கேஜ்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் /வாருக்குள் இருந்துதான் ஓடுகின்றன. தடுத்தால் அப்டேட்டே நடக்காது.

இன்னொரு சிக்கல் ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவு. எக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு வீதம் ஃபார்மட் செய்யும்போதே ஒதுக்கிவிடுகிறது. மெயில் பெட்டி, கேஷ் போன்றவற்றில் 2 கேபி கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தால், டிஸ்க் பாதி காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று வரும். இப்படிப்பட்ட வேலைக்கு எக்ஸ்எஃப்எஸ் நல்லது. அது ஐநோடைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும். எக்ஸ்டி4 நிர்வாகியான ரூட் பயனருக்கென 5 சதவீதத்தை ஒதுக்கி வைப்பதும் நினைவிருக்கட்டும். 150 ஜிபியில் அது 7.5 ஜிபி, தரவு வால்யூமில் மட்டும் 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதன் இமேஜ்கள் /வாரின் கீழேதான் சேரும். 20 ஜிபி சில வாரங்கள்கூடத் தாங்காமல் போகலாம், தனி வால்யூம் கொடுங்கள்.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பார்ட்டிஷன்களை யூயூஐடியால் (தனி அடையாள எண்) குறிப்பிடுங்கள். புது டிஸ்க் செருகினால் 'எஸ்டிஏ' என்ற டிஸ்க் பெயர் 'எஸ்டிபி' ஆகிவிடக்கூடும். அந்தக் கோப்பில் கைவைத்த ஒவ்வொரு முறையும் ரீபூட்டுக்கு முன் 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையின் 'வெரிஃபை' தேர்வை ஓட்டிப் பாருங்கள். ஒரு எழுத்து தவறினாலும் சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கும், தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையவே முடியாது.