தவுராசி: துவர்ப்பைப் பழக்கி எடுக்கும் ஒயின்

இளம் தவுராசியை ஒரு வாய் குடித்தால் கொட்டைப்பாக்கை மென்றதுபோல் நாக்கும் ஈறும் இழுத்துக்கொள்ளும். பாக்கிலும் இந்த ஒயினிலும் துவர்ப்பைத் தருபவை ஒரே குடும்பத்து டானின்கள்தான். எச்சிலின் வழவழப்புக்குக் காரணமான புரதங்களை அவை பிடித்துத் திரட்டிவிடுவதால் வாய் உலர்ந்து உரசுகிறது.

தென் இத்தாலியில், காம்பானியாவின் அவெல்லினோ மலைப்பகுதியில் விளையும் அல்யானிகோ திராட்சையின் குணம் இது. தவுராசியில் குறைந்தது 85 சதவீதம் அல்யானிகோ இருக்க வேண்டும் என்பது சட்டம். டானினும் மிகுதி, புளிப்பும் மிகுதி. போதாக்குறைக்குத் தாமதமாகப் பழுக்கும். அறுவடை அக்டோபர் கடைசியில், சில ஆண்டுகளில் நவம்பரில்.

சர்க்கரை ஏறிவிட்டதே என்று பறித்தால் மோசம் போவோம். லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை இருந்தால் சுமார் 14 சதவீத ஆல்கஹால் கிடைத்துவிடும். ஆனால் விதை அப்போதும் பச்சையாக இருக்கலாம். விதையைக் கடித்துப் பார்ப்பதே நல்ல சோதனை: பழுப்பேறி, மொறுமொறுவென்று உடைந்தால் பறிக்கலாம். காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. மழை பிடித்தால் கொத்துக்குள் சாம்பல் பூஞ்சை வரும். அது சுரக்கும் லாக்கேஸ் நொதி சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கிவிடும்.

நொதிக்கும் தொட்டியில் வரிசை முக்கியம். தோலின் நிறம் முதல் சில நாள்களிலேயே சாற்றில் இறங்கிவிடும். விதையின் டானின் ஆல்கஹால் கூடிய பிறகே கரையும். ஆகவே தொடக்கத்தில் அடியிலுள்ள சாற்றை எடுத்து, மேலே மிதக்கும் தோல்மீது அடிக்கடி ஊற்றுவார்கள், பின்னர் குறைத்துக்கொள்வார்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரி போதும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை மிஞ்சி நின்றுவிடும்.

அடுத்து, பாக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். பிறகு மூன்றாண்டுக் காத்திருப்பு, அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில். மரத்தின் வழியே கசியும் துளி ஆக்சிஜன், நிறமிகளையும் டானின்களையும் இணைத்து நிறத்தை நிலைக்க வைக்கிறது, துவர்ப்பையும் மழுக்குகிறது. புதிய சிறு பீப்பாய் தன் டானினையும் வனிலா மணத்தையும் சேர்த்துவிடும். அல்யானிகோவுக்கு அது தேவையில்லாத ஒப்பனை. பழைய பெரிய பீப்பாயே பொருத்தம்.

பரிமாற 18 டிகிரி சரி. குளிரவைத்தால் துவர்ப்பு முரடாகத் தெரியும். ஆட்டிறைச்சியோடு கொடுத்தால் டானின் எச்சிலை விட்டு இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.