இடைப்பெயர்: 'மிடில் நேம்' என்ற சொல்லும் அதற்கான தமிழும்

தாமஸ் ஆல்வா எடிசன் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். தாமஸ் அவருக்கு இட்ட பெயர், எடிசன் குடும்பப்பெயர். அப்படியானால் ஆல்வா யார்? எடிசன் குடும்பத்துக்கு நண்பராக இருந்த ஆல்வா பிராட்லி என்ற கப்பல் தலைவர். அவர் நினைவாகத்தான் குழந்தைக்கு அந்தப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். சிறுவயதில் வீட்டில் அவரை 'அல்' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னால் நின்ற தாமஸை விட்டுவிட்டு, நடுவில் நின்ற பெயரைச் சுருக்கி அழைத்திருக்கிறார்கள்.

இப்படி இட்ட பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் இடையே வரும் பெயரைத்தான் ஆங்கிலத்தில் 'மிடில் நேம்' என்கிறார்கள். தமிழில் நடுப்பெயர், இடைப்பெயர் என்று இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. எது பொருத்தம் என்பதைக் கடைசியில் பார்ப்போம். அந்தப் பெயரைச் சுமப்பவர்களுக்கு அது என்னவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் சொல்லைத் தேர்வது எளிது.

முதலில் வரலாறு. ஆங்கிலேயர் எல்லோருக்கும் ஆதிகாலம் முதல் மூன்று பெயர் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் 1605இல் எழுதும்போது, இங்கிலாந்தில் ஒருவருக்கு இரண்டு இட்ட பெயர் இருப்பது அரிது என்கிறார். அவர் நினைவில் வந்த ஒருசிலரில் முதலில் நிற்பவர்கள் சார்லஸ் ஜேம்ஸ் என்று பெயர் பெற்ற அன்றைய அரசர் முதலாம் ஜேம்ஸும், அவர் மகன் ஹென்றி ஃபிரெடெரிக்கும். அதன்பிறகு மேல்தட்டுக் குடும்பங்களில் மெல்லப் பரவி, 19ஆம் நூற்றாண்டில்தான் பொதுவழக்கம் ஆனது. 'மிடில் நேம்' என்ற சொல்லும் அந்த நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க அச்சில் காணப்படுகிறது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் பட்டியலே இதற்குச் சாட்சி. வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், மன்ரோ என்று முதல் ஐந்து பேருக்கும் இடையில் ஒரு பெயரும் கிடையாது. ஆறாவதாக வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ்தான் அப்படியொரு பெயரோடு வந்த முதல் தலைவர். குவின்சி என்பது அவருடைய தாயின் தாத்தா பெயர். 1767 ஜூலையில் குழந்தை பிறந்தபோது அந்தக் கொள்ளுத்தாத்தா மரணப் படுக்கையில் இருந்தார். அவர் பெயரையே வைக்கச் சொன்னார்கள். பிற்காலத்தில் ஆடம்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உலகை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் பெயரைப் பாசத்தினால் தனக்கு வைத்தார்கள் என்றும், அந்தப் பெயருக்குத் தகாத எதையும் செய்துவிடாதே என்று அது வாழ்நாள் முழுக்கத் தன்னை எச்சரித்துக்கொண்டே இருந்தது என்றும் சொல்கிறார்.

இடைப்பெயர் எதற்காகப் பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரே பெயரில் பலர் இருக்கும்போது பிரித்தறிய உதவும், சரி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதற்கு முக்கியமான வேலை வேறு. குழந்தையைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும், அது காலத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அதே சமயம் பாட்டியின் பெயரையோ, திருமணத்தில் விட்டுப்போன தாய்வீட்டுக் குடும்பப்பெயரையோ, இறந்துபோன உறவினரின் பெயரையோ விட்டுவிடவும் மனம் வராது. அந்தப் பெயர்களுக்கெல்லாம் இடம் கொடுப்பதுதான் இடைப்பெயர். அதனால்தான் அதை வெறுப்பவர்கள்கூடச் சட்டப்படி நீக்கத் தயங்குகிறார்கள். 'பழைய பெயர், எனக்குப் பிடிக்காது, ஆனால் என் பாட்டி பெயர்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இல்லாதவர்களின் ஏக்கமும் உண்டு. தொலைபேசியோடு சேர்த்து நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1847இல் பிறந்தபோது வெறும் அலெக்சாண்டர் பெல்தான். தந்தை பெயரும் அலெக்சாண்டர், தாத்தா பெயரும் அலெக்சாண்டர். அவருடைய இரண்டு சகோதரர்களுக்கும் இடைப்பெயர் இருந்தது, இவருக்கு மட்டும் இல்லை. பத்து வயதில், தனக்கும் ஒன்று வேண்டும் என்று தந்தையிடம் கெஞ்சியிருக்கிறார். 11ஆம் பிறந்தநாளுக்குத் தந்தை சம்மதித்தார். குடும்பத்துக்கு வேண்டியவரான அலெக்சாண்டர் கிரகாம் என்ற கனடா நாட்டவரின் பெயரிலிருந்து 'கிரகாம்' எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகும் நெருங்கியவர்கள் அவரை 'அலெக்' என்றுதான் அழைத்தார்கள். யாரும் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தன் பெயர் தந்தையின் பெயரிலிருந்து வேறுபட்டுத் தனக்கென்று இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தச் சிறுவனுக்கு இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் இசைக்கலைஞர் ஜான் லெனன். 1940இல், போர்க்காலத்தில் பிறந்ததால், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் பெயரான வின்ஸ்டன் அவருக்கு இடைப்பெயராக வந்தது. போரை எதிர்த்துப் பேசும் மனிதராக வளர்ந்தவருக்கு அது ஒட்டவில்லை. 1969இல் யோகோ ஓனோவை மணந்த சில வாரங்களில், லண்டனில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்து, மனைவியின் குடும்பப்பெயரைத் தன் இடைப்பெயராக்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். ஆனால் வின்ஸ்டனைச் சட்டப்படி உதற முடியவில்லை. ஜான் வின்ஸ்டன் ஓனோ லெனன் என்று நான்காகத்தான் நின்றது. பிடிக்காத பெயரும் பிரியமான பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன.

சிலருக்கு இடைப்பெயர்தான் உண்மையான பெயர். இசைக்கலைஞர் பால் மெக்கார்ட்னியின் முழுப்பெயர் ஜேம்ஸ் பால் மெக்கார்ட்னி. உட்ரோ வில்சன் என்ற அமெரிக்கத் தலைவர் தாமஸ் உட்ரோ வில்சன். கால்வின் கூலிட்ஜ் என்ற இன்னொரு அமெரிக்கத் தலைவர் ஜான் கால்வின் கூலிட்ஜ். இப்படி இருப்பவர்களுக்கு ஓயாத ஒரு சங்கடம் உண்டு. மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் படிவத்தின் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது தன்னைத்தான் என்று உறைக்கவே ஒரு நொடி ஆகும். ஜெர்மானியர் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'ரூஃப்நாமே', அதாவது கூப்பிடும் பெயர். ஒருவருக்கு எத்தனை பெயர் இருந்தாலும் அதில் எது கூப்பிடும் பெயர் என்பதை ஆவணங்களில் அடிக்கோடிட்டுக் காட்டும் வழக்கம் அங்கே இருந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

இடையில் ஓர் எழுத்து மட்டும் நிற்பதும் உண்டு. அமெரிக்கத் தலைவராக இருந்த ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. ஒரு தாத்தா பெயரில் ஷிப், இன்னொரு தாத்தா பெயர் சாலமன். ஆங்கிலத்தில் இரண்டுமே 'எஸ்'ஸில் தொடங்குபவை. இருவருக்கும் பொதுவாக ஓர் எழுத்தை வைத்துவிட்டார்கள். யுலிசிஸ் எஸ். கிராண்டின் கதை வேறு. அவர் பிறந்தபோது ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839இல் ராணுவப் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் பெயரைத் தவறாக எழுதி அனுப்ப, ஹைரம் போய் 'எஸ்' வந்தது. பிறப்பில் இடைப்பெயராக இருந்த யுலிசிஸ் முதற்பெயராகிவிட்டது. ஒரு தாளில் நேர்ந்த பிழையோடுதான் அவர் பின்னாளில் நாட்டின் தலைவரும் ஆனார்.

அந்த ஓர் எழுத்துக்கு ஒரு மதிப்பும் இருக்கிறது. 2014இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்றில், சார்பியல் கோட்பாடு பற்றிய ஒரே கட்டுரையை வெவ்வேறு ஆசிரியர் பெயரோடு கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இடையில் எழுத்துகள் கொண்ட பெயர் இருந்தபோது, கட்டுரை இன்னும் நன்றாக எழுதப்பட்டிருப்பதாகப் படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். கட்டுரையில் ஒரு வரிகூட மாறவில்லை.

முழுப்பெயரையும் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது என்பதையும் கவனிக்கலாம். ஆங்கிலம் பேசும் வீடுகளில் குழந்தையைத் திட்டும்போது இடைப்பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே, தவறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். இடைப்பெயர் பிடிக்காமல் போனவர்களில் பலர் சொல்லும் காரணம் இதுதான்: திட்டு வாங்கும்போது மட்டுமே கேட்ட பெயர் அது. குற்றச் செய்திகளிலும் இப்படித்தான். அமெரிக்கத் தலைவர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டவரை லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிறார்கள். அதே பெயருள்ள வேறொருவர் மேல் பழி விழக்கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது. 2008 தேர்தலில் பராக் ஒபாமாவின் எதிர்ப்பாளர்கள் சிலர் உசேன் என்ற இடைப்பெயரை அழுத்திச் சொல்லிச் சந்தேகம் கிளப்பினார்கள். 2009 ஜனவரி 20 அன்று அவர் பராக் உசேன் ஒபாமா என்ற முழுப்பெயரோடுதான் உறுதிமொழி எடுத்தார். தன் பெயரில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஒரு மனிதர் காட்டிய விதமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: மூன்று பெயர் வரிசையாக நின்றால் நடுவில் இருப்பது 'மிடில் நேம்' என்று முடிவுகட்டிவிடுவது. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியில் கரம்சந்த் என்பது தந்தை பெயர். சச்சின் ரமேஷ் டெண்டுல்கரில் ரமேஷும் அப்படியே. ரஷ்யர்களின் விளாதிமிர் விளாதிமிரோவிச் என்பதில் இரண்டாவது, 'விளாதிமிரின் மகன்' என்று பொருள்படும் தந்தைவழிப் பெயர். மரியாதையாகப் பேசும்போது அதைச் சேர்த்தே அழைக்க வேண்டும், ஒளித்துவைக்கும் பெயரே அல்ல. பிலிப்பைன்ஸில் நடுவில் வருவது தாயின் குடும்பப்பெயர். குத்துச்சண்டை வீரர் இமானுவேல் டாபிட்ரான் பாக்கியாவோவின் தாய் டாபிட்ரான் குடும்பத்தவர். ஃபிடல் காஸ்ட்ரோ ரூஸ் என்ற பெயரில் காஸ்ட்ரோ தந்தைவழிக் குடும்பப்பெயர், ரூஸ் தாய்வழிக் குடும்பப்பெயர், அதாவது நடுவில் நிற்பது இடைப்பெயரே அல்ல. மா சேதுங்கின் தம்பிகள் மா சேமின், மா சேதான். மூவருக்கும் பொதுவான 'சே' என்பது ஒரு தலைமுறையைக் குறிக்கும் எழுத்து. ஜூலியஸ் சீசரின் முழுப்பெயரான கையுஸ் ஜூலியஸ் சீசரில் ஜூலியஸ் என்பது குலப்பெயர்.

ஆகவே இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவது சரியாகாது. தந்தைவழிப் பெயர், தாய்வழிக் குடும்பப்பெயர், தலைமுறைப் பெயர், குலப்பெயர் என்று அது என்னவோ அதையே எழுதலாம். எல்லாம் தமிழில் உடனே புரிகிற சொற்கள்.

மிஞ்சியிருப்பது எடிசனின் ஆல்வாவும் பெல்லின் கிரகாமும். இவற்றுக்கு நடுப்பெயரா, இடைப்பெயரா? இரண்டும் தவறில்லை. ஆனால் நடு என்றால் சரிபாதிப் புள்ளி. ஐந்து விரலில் நடுவிரல் ஒன்றுதான், இதழில் நடுப்பக்கம் என்றால் எதைப் புரட்ட வேண்டும் என்று ஐயமில்லாமல் தெரியும். ஜான் வின்ஸ்டன் ஓனோ லெனனில் நடுப்பெயர் எது என்று கேட்டால் பதில் இல்லை. இடை என்பது இரண்டுக்கு உள்ளே விழும் பரப்பு முழுவதையும் குறிக்கும்: இடைவெளி, இடைக்காலம், இடைவேளை. அதனால் ஒன்றானாலும் நான்கானாலும் இடைப்பெயர் என்ற சொல் தாங்கும். இலக்கணத்தில் இடைச்சொல் தனித்து இயங்காமல் பெயரையோ வினையையோ சார்ந்தே வருவது. கூப்பிடாமல் முழுப்பெயரில் மட்டும் வரும் பெயருக்கு அந்தச் சாயலும் பொருந்துகிறது. என் தேர்வு இடைப்பெயர்தான். எழுதும்போது 'ப்' மிகும்: இடைப்பெயர். இதற்கு இணையாக முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ட்ரூமனின் 'எஸ்' போன்றதை இடையெழுத்து என்று சொல்லிவிடக் கூடாது. அது ய, ர, ல, வ, ழ, ள என்னும் இடையின எழுத்துகளுக்கு உரிய பெயர். இடைப்பெயரின் முதலெழுத்து என்று நீட்டியே சொல்லலாம். அப்புறம், 'பொறுமைதான் என் மிடில் நேம்' என்ற ஆங்கில மரபுத்தொடர். இதை இடைப்பெயர் என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் விளங்காது. 'பொறுமைக்கு மறுபெயர்' என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடவுச்சீட்டில் கருவி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள் உண்டு. அதில் குடும்பப்பெயர், மற்றப் பெயர்கள் என்று இரண்டே பிரிவுதான், இடைப்பெயருக்குத் தனிப்பகுதி கிடையாது. எல்லைகளைக் கடக்கும் ஆவணத்துக்கே அது தேவைப்படவில்லை என்றால், உங்கள் படிவத்திலும் அதைக் கட்டாயம் ஆக்க வேண்டியதில்லை. கட்டம் வைத்தே ஆக வேண்டும் என்றால் 'இடைப்பெயர் (இருந்தால்)' என்று அச்சிடுங்கள்.