படம் பிடிக்கும் முன் வயலைப் பாருங்கள்

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சம்பா நெல் நட்டு 23 நாள். இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செல்போன் ஆப்பில் பார்த்திருக்கிறார். "செம்புள்ளி நோய்னு ஆப் சொல்லுச்சு சார், 94 சதவீதமாம்." இரண்டு முறை பூஞ்சாண மருந்து அடித்துவிட்டார். கொண்டுவந்த தூரைப் பிரித்தேன். கீழ் இலைகளில் துருப்பிடித்தது போலப் புள்ளிகள், இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுத்திருந்தது. துத்தநாகப் பற்றாக்குறை. 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோடு 1 சதவீத யூரியா கலந்து தெளிக்கச் சொன்னேன். இந்தப் பட்டத்தில் இப்படி எத்தனை பேர்!

அந்த 94-ஐ நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இப்படிப்பட்ட ஆப்புக்குச் சொல்லிக்கொடுத்த நோய்ப் பெயர்கள் மட்டுமே தெரியும். எந்தப் படத்தைக் காட்டினாலும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே நூறைப் பங்குபோட்டுவிடும். துத்தநாகம் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால்? வகுப்பில் சேராத பிள்ளைக்கு யார் மார்க் போடுவது? இருப்பதில் கொஞ்சம் ஒத்துப்போகிற பெயர் 94 வாங்கிக்கொள்ளும். 2016-இல் வந்த பிரபலமான ஆய்வு ஒன்றில் கணினிக்குக் காட்டியது 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள். அதில் நெல் கிடையாது. அதே தொகுப்பில் சோதித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் சரி; வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது.

நாங்கள் இலையைத் தொடும் முன்பே பாதி தெரிந்துவிடும். எந்தப் பட்டம், நட்டு எத்தனை நாள், தண்ணீர் வடிகிறதா, மஞ்சள் அடி இலையிலா குருத்திலா என்று கேட்போம். வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தால், தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியா என்று முதலில் தூரடியைத்தான் விலக்கிப் பார்ப்போம். இந்த விவரங்களைக் கணினிக்கும் கொடுக்க முடியும். நட்டு மூன்று வாரம் என்று தெரிந்தால் துத்தநாகத்தை முன்னே தள்ளும். கதிரே வராத பயிரில் நெற்பழ நோயைத் தேடாது. அதே புள்ளிதான், பதில் மாறிவிடும்.

அதனால் பட்டமும் நாளும் கேட்காத ஆப்பை நம்பி உரக்கடைக்குப் போகாதீர்கள். ஒற்றை இலையைப் பறித்துப் படம் பிடிக்காதீர்கள். தூரையும் எடுங்கள், வரப்பில் நின்று வயலையும் எடுங்கள். இலை ஓரம் கருகினால் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பால் போலக் கசிந்தால் பாக்டீரியா. பூஞ்சாண மருந்து அதற்குக் கேட்காது.

தூர் கட்டும் பருவத்தில் போன நாள் திரும்பாது ஐயா. சந்தேகம் வந்த அன்றே ஒரு தூரை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். மருந்து அடிக்கும் முன்னால் வாருங்கள்.