நான்கு பக்கம் அளந்தால் மனையின் பரப்பு தெரிந்துவிடுமா?

சாலை சாய்வாகப் போகிற இடத்தில் ஒரு மனை. பெரியப்பா காலையிலேயே டேப்போடு போய் அளந்து, ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தார். தெற்கே தெருப்பக்கம் 40 அடி, கிழக்கே 62, பின்பக்கம் 44, மேற்கே 58. "எதிர் எதிர்ப் பக்கத்தைக் கூட்டி ரெண்டால வகு தம்பி. வர்ற ரெண்டையும் பெருக்கு, முடிஞ்சது" என்றார்.

40-உம் 44-உம் கூட்டிப் பாதி 42. 62-உம் 58-உம் கூட்டிப் பாதி 60. பெருக்கினால் 2520 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி என்பதால், கிரவுண்டுக்கு மேலேயே 120 சதுர அடி இருக்கிறது என்று அவருக்கு நிம்மதி. அந்தக் கணக்கை எக்செல் தாளில் ஏற்றி, எந்த மனை வந்தாலும் அளவைப் போட்டதும் பரப்பு வரும்படி செய்து தரச் சொன்னார். அதற்காக ஒரு ஏஐ உதவியாளரிடம் போனபோதுதான் கணக்கே வேறு பக்கம் திரும்பியது.

பெரியப்பா சொன்ன வழி மிகப் பழையது. எகிப்தில் எட்ஃபூ என்ற ஊரில் உள்ள ஹோரஸ் கோயில் சுவரில், கோயிலுக்குக் கொடுத்த நிலங்களின் பரப்பை இதே முறையில்தான் கணக்கிட்டுப் பொறித்திருக்கிறார்கள். கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரும் இந்த முறையைச் சொல்கிறார். ஆனால் இது உத்தேச அளவு என்று சொல்லிவிட்டுத்தான் நுட்பமான அளவுக்கு வேறொரு சூத்திரம் தருகிறார். மனை சரியான செவ்வகமாகவோ சதுரமாகவோ இருந்தால் பெரியப்பாவின் வழி அச்சுப் பிசகாமல் வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் விடை கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறைவாக வராது. விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம்.

ஏன் என்று புரிய ஒரு பழைய கட்டிலின் சட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். மூட்டு தளர்ந்த சட்டத்தை ஒரு மூலையில் பிடித்துத் தள்ளினால் அது சாய்கிறது. நான்கு மரங்களின் நீளமும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் இடம் மட்டும் சுருங்குகிறது. இன்னும் தள்ளினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அதாவது நான்கு பக்கங்கள் ஒரு நாற்கரத்தைக் கட்டிப்போடுவதில்லை. ஆசாரி சன்னல் சட்டம் அடித்ததும் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை அளந்து பார்ப்பது இதற்காகத்தான். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் லீலாவதி என்ற கணித நூலில் இன்னும் காட்டமாகவே சொன்னார்: மூலைவிட்டத்தையோ செங்குத்து உயரத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் ஒரு பிசாசு.

நான் முதல் முறை ஏஐ-யிடம் கேட்டது அந்தப் பிசாசுக் கேள்வியைத்தான். நான்கு பக்கத்தையும் கொடுத்து, பரப்புக்கு ஃபார்முலா கேட்டேன். அது பிரம்மகுப்தரின் நுட்பமான சூத்திரத்தை எடுத்துக் கொடுத்தது. தாளில் போட்டால் 2515.74 வந்தது. சூத்திரத்தில் தப்பில்லை. ஆனால் அது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மீது அமையும் வட்ட நாற்கரத்துக்கு மட்டும் பொருந்தும். நம் மனை அப்படி அமைந்திருக்கிறதா என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த எண்ணால் ஒரு உபகாரம் உண்டு. குறிப்பிட்ட நான்கு பக்கங்களை வைத்து எவ்வளவு பெரிய பரப்பை அடைக்க முடியுமோ, அந்த உச்சவரம்புதான் வட்ட நாற்கரத்தின் பரப்பு. அப்படியானால் 40, 62, 44, 58 பக்கமுள்ள எந்த மனையும் 2515.74 சதுர அடியைத் தாண்ட முடியாது. பெரியப்பாவின் 2520 உலகத்தில் இருக்கவே முடியாத மனையின் பரப்பு!

மறுபடி போய்க் குறுக்கே அளந்தோம். தென்மேற்கில் உள்ள கன்னி மூலையிலிருந்து வடகிழக்கில் உள்ள ஈசானி மூலைக்கு 60 அடி. இந்த ஒரே கோடு மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துவிடுகிறது. முக்கோணத்துக்கு ஆட்டம் கிடையாது, மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு நிச்சயம். மூன்று பக்கத்திலிருந்து அந்தப் பரப்பைத் தருவதுதான் ஹெரான் சூத்திரம். நில அளவைத் துறையின் புலப்படத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே தந்திரம் தெரியும். எல்லைக்கோடுகளுக்கு உள்ளே, கல்லுக்குக் கல் குறுக்கே ஓடும் ஜி லைன்கள் வயலை முக்கோணங்களாகப் பிரித்து வைத்திருக்கும்.

இந்த முறை ஏஐ-யிடம் இப்படி எழுதினேன்: "தாளில் ஏ2, பி2, சி2, டி2 ஆகிய கட்டங்களில் ஒரு நாற்கர மனையின் நான்கு பக்கங்கள், மனையைச் சுற்றி வரும் வரிசையில், அடிக்கணக்கில் உள்ளன. இ2-வில் ஒரு மூலைவிட்டம். ஏ2, பி2, இ2 சேர்ந்து ஒரு முக்கோணம். சி2, டி2, இ2 சேர்ந்து இன்னொன்று. ஹெரான் சூத்திரத்தை வைத்து மொத்தப் பரப்புக்கு ஃபார்முலா கொடு. விடையை நீ கணக்கிட வேண்டாம்."

கடைசி வாக்கியம் முக்கியம். இந்த உதவியாளர்களின் உள்ளே இருப்பது மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்ற ஒரு நிரல். இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துத்தான் அது எழுதுகிறது. எண்களையும் அது துண்டுகளாகவே பார்க்கிறது. நாம் போடுவதுபோல இலக்கம் இலக்கமாகக் கைமாற்றிப் பெருக்குவதில்லை. 81-ஐ 41, 19, 21 ஆகியவற்றால் பெருக்கச் சொன்னால் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சரியாக இருந்து நடுவில் தவறலாம். பார்க்க நம்பும்படிதான் இருக்கும், அதுதான் ஆபத்து. சில உதவியாளர்கள் இப்போது பின்னணியில் ஒரு சிறு நிரலை எழுதி ஓட்டிக் கணக்குப் போடுகின்றன. அப்படிச் செய்ததா, மனக்கணக்காகச் சொன்னதா என்று நமக்கு எப்போதும் தெரிவதில்லை.

ஃபார்முலா எழுதுவது வேறு சங்கதி. ஹெரான் சூத்திரம், வர்க்கமூலம், எக்செல் எழுதும் முறை எல்லாம் அது பயின்ற உரைகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் வந்திருக்கும். நாம் பேச்சுத் தமிழில் சொல்வதை அந்த வடிவத்துக்கு மாற்றுவது மொழிபெயர்ப்பு போன்ற வேலை, அதில் அது கெட்டிக்காரன். பெருக்கலைக் கட்டம் பார்த்துக்கொள்ளும். எக்செல் 15 இலக்கம் வரை துல்லியமாக வைத்துக்கொள்கிறது, மனைக்கு அது மிக மிக அதிகம்.

வந்த ஃபார்முலாவில் முதலில் பெரியப்பாவின் எண்ணைப் போடவில்லை. 30, 40, 30, 40 என்று ஒரு செவ்வகத்தைப் போட்டு மூலைவிட்டம் 50 கொடுத்தேன். 1200 வந்தது. விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்காமல் எந்த ஃபார்முலாவையும் நான் நம்புவதில்லை. அப்புறம் மூலைவிட்டத்தை வேண்டுமென்றே 500 என்று அடித்தேன். அப்படி ஒரு முக்கோணம் இருக்க முடியாது, வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வரும், கட்டத்தில் பிழைக்குறி தெரியும். தெரிந்தது. இவ்வளவு பெரிய தட்டச்சுப் பிழையை அந்தக் கட்டமே காட்டிக்கொடுக்கும் என்பது நல்ல விஷயம்.

இப்போது நம் மனை. 40, 62, 60 கொண்ட முக்கோணத்தின் அரைச்சுற்றளவு 81. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 41, 19, 21. நான்கையும் பெருக்கினால் 13,25,079. அதன் வர்க்கமூலம் 1151.12. அடுத்த முக்கோணத்துக்கும் அரைச்சுற்றளவு தற்செயலாக 81-தான், பரப்பு 1203.14. கூட்டினால் 2354.26 சதுர அடி. ஒரு கிரவுண்டைவிடக் குறைவு. பெரியப்பாவின் கணக்குக்கும் இதற்கும் கிட்டத்தட்ட 166 சதுர அடி வித்தியாசம், ஒரு சின்ன அறையே போடலாம். இதே நான்கு பக்கத்தோடு குறுக்கு அளவு 68 அடியாக இருந்திருந்தால் பரப்பு 2487.70 ஆகியிருக்கும். எட்டு அடியில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

அளவை உள்ளே போடும் இடத்தில்தான் நான் அதிகம் தப்பு பார்த்திருக்கிறேன். 40 அடி 6 அங்குலத்தை 40.6 என்று அடிப்பவர்கள் ஏராளம். 40.6 அடி என்பது 40 அடி 7.2 அங்குலம். 40 அடி 10 அங்குலத்தை 40.10 என்று அடித்தால் இன்னும் மோசம், தாள் அதை 40.1 என்று எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒன்பது அங்குலத்தை விழுங்கிவிடும். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் வைத்து, அங்குலத்தை 12-ஆல் வகுத்துச் சேர்க்கும்படி ஏஐ-யிடம் கேளுங்கள், சட்டென்று செய்து கொடுக்கும். சென்ட் வேண்டுமென்றால் 435.6-ஆல் வகுக்க வேண்டும். நம் மனை 5.40 சென்ட். பட்டாவில் இருக்கும் ஏர் கணக்குக்கு ஒரு ஏர் 100 சதுர மீட்டர். இவற்றை உதவியாளர் சரியாகச் சொல்லும். குழி, மா என்று வந்தால் மட்டும் மாற்று எண்ணை நீங்களே கொடுத்துவிடுங்கள். தஞ்சைப் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஏஐ எந்த ஊர்க் குழியை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

நாலுக்கு மேல் மூலை இருந்தால்? முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துக்கொண்டே போகலாம். மூலைகளின் ஆயத்தொலைகள் (ஒரு புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்ற இரண்டு எண்கள்) கையில் இருந்தால் அதைவிட அழகான வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. ஷூ கயிறு கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் ஷூலேஸ் சூத்திரம் என்பார்கள். இருபது மூலை இருந்தாலும் ஒரே ஃபார்முலாதான். இரண்டு நிபந்தனை: புள்ளிகளை வேலியோரமாக நடந்துபோகும் வரிசையில் எழுத வேண்டும், முதல் புள்ளியைக் கடைசியில் இன்னொரு முறை எழுத வேண்டும். வரிசை மாறினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி எட்டு போன்ற உருவம் வரும். அதன் ஒரு வளையம் கூடும், மறு வளையம் கழியும், தாள் எந்தப் பிழைக்குறியும் காட்டாமல் தவறான எண்ணைக் கொடுக்கும். அதனால் அதே புள்ளிகளை வைத்து ஒரு வரைபடமும் போடச் சொல்வேன், கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

போனில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே இதில் போடக் கூடாது. அவை பாகையில் இருப்பவை, மீட்டரில் இல்லை. கோவையை ஒட்டிய 11 பாகை அட்சத்தில், வடக்கே ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கே ஒரு பாகை சுமார் 109 கிலோமீட்டர். முதலில் மீட்டராக மாற்றும்படி சொல்ல வேண்டும். மாற்றினாலும், திறந்த வெளியில்கூடப் போன் சில மீட்டர் தவறும். பத்து ஏக்கர் தோப்புக்கு அது பரவாயில்லை. 40 அடி மனைக்கு டேப்தான்.

கோணம் வரும் கணக்குகளில் வேறொரு பள்ளம் இருக்கிறது. எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் சைன், காஸ் எல்லாவற்றுக்கும் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறொரு கோண அளவில்தான் எதிர்பார்க்கும். 30 பாகையின் சைன் 0.5 என்று பள்ளியில் படித்தோம், கட்டத்தில் வெறுமனே 30 போட்டால் கழித்தல் 0.988 வரும். இன்னொன்று, இரண்டு ஆயத்தொலைகளிலிருந்து திசைக்கோணம் காணும் ஏடான்2 என்ற ஃபங்ஷன். பெரும்பாலான நிரல்மொழிகளில் முதலில் ஒய், பிறகு எக்ஸ். எக்செல்லில் முதலில் எக்ஸ். ஏஐ இரண்டையும் படித்து வளர்ந்தது என்பதால் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. நேர் கிழக்கு, நேர் வடக்கு என்று இரண்டு புள்ளிகளைக் கொடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

படுக்கை வசத்தில் கிடக்கும் உருளைத் தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்து எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சொல்வதும் இதே குடும்பத்துக் கணக்குதான். கால் உயரம் நனைந்தால் கால் பங்கு என்று நினைப்போம், உண்மையில் 19.55 சதவீதம்தான். அந்த ஃபார்முலாவைக் கையால் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகும், ஏஐ-க்கு ஒரு கேள்வி போதும். அரை உயரத்துக்குச் சரிபாதி வருகிறதா, முழு உயரத்துக்கு முழுசும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

மனைக்குத் திரும்பினால், ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. ஃபார்முலா சரி, ஆனால் டேப் தொய்ந்திருந்தால்? ஐந்து அளவு கொடுத்தால் மனையின் வடிவம் முழுக்க நிச்சயமாகிவிடுகிறது, அப்படியானால் ஆறாவது அளவை அளக்காமலேயே சொல்ல முடிய வேண்டும். அந்த ஐந்து கட்டங்களிலிருந்து மற்ற மூலைவிட்டத்தைக் காண ஒரு ஃபார்முலா கேட்டு எஃப்2-வில் போட்டேன். 84.23 அடி, அதாவது 84 அடியும் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவும்.

சாயங்காலம் பெரியப்பா அக்னி மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் வாயு மூலைக்கு நடந்தேன். இழுத்துப் பிடித்துப் பார்த்தபோது 84 அடி 3 அங்குலம் காட்டியது.