இதயக் குறையோடு பிறந்த குழந்தையின் பால் பல்

இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, "பல்லையும் ஒருதடவை காட்டிவிடுங்கள்" என்று இதய மருத்துவர் அனுப்பி என்னிடம் வரும் குழந்தைகள் உண்டு. வாயைத் திறந்தால் மேல் முன்பற்கள் நாலும் கரைந்து கட்டையாக நிற்கும், கடைவாயில் ஈறு சீழ் கோத்து வீங்கியிருக்கும். "பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்கத்தானே போகுது" என்பார் அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூச்சு வாங்குகிறதா, எடை ஏறுகிறதா, உதடு நீலமாகிறதா என்று பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்தவர் அவர், பல்லைப் பற்றி யாரும் முன்பே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சீழோடு ஆபரேஷன் செய்வது ஆபத்து, அவசரம் இல்லையென்றால் தள்ளித்தான் போடுவார்கள்.

எல்லோர் வாயிலும் கிருமிகள் இருக்கின்றன. ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாயில், பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூட அவை ரத்தத்தில் கலக்கும். சாதாரண இதயத்தில் தங்க இடமின்றி அழிந்துபோகும். பழுதான வால்வு, ஓட்டையின் ஓரம், செயற்கை வால்வு போன்ற இடங்களில் ஒட்டிக்கொண்டு பெருகினால் அதுதான் எண்டோகார்டைட்டிஸ், இதயத்தின் உள்சவ்வில் வரும் தொற்று. உயிருக்கே ஆபத்தானது, வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏற்ற வேண்டிவரும்.

இந்தக் குழந்தைகளுக்குச் சொத்தை வர வாய்ப்பும் அதிகம். தினமும் கொடுக்கும் சிரப்பில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், எடை ஏற வேண்டுமென்று ராத்திரியிலும் பால் புட்டி, நீர் பிரியும் மருந்தால் வாய் வறட்சி வேறு. சர்க்கரை இல்லாத சிரப் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், மருந்து கொடுத்ததும் வாயைத் துடைத்துவிடுங்கள். முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலிருந்தே ஃபுளோரைடு பேஸ்ட்டை ஓர் அரிசி அளவு, 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு வைத்து தினம் இரண்டு வேளை நீங்களே தேய்த்துவிடுங்கள். ரத்தம் வருகிறதென்று பயந்து நிறுத்தினால் ஈறு இன்னும் கெடும். 1 வயதுக்குள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஆன்டிபயாடிக். பல் பிடுங்குவதற்கு முன் இதயக் குறையுள்ள எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சரிசெய்யப்படாத நீலம் பாரிக்கும் இதயக் குறை உள்ளவர்கள், செயற்கைப் பொருள் வைத்துச் சரிசெய்து 6 மாதம் ஆகாதவர்கள் போன்ற சிலருக்குத்தான், அதுவும் 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே ஒரு வேளை. பால் பல் தானாக விழுவதற்கு எதுவும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் குழந்தை என்றால், பல்லுக்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, குழந்தை சோர்ந்து மெலிந்தாலோ, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட வேண்டாம். அதைக் கொடுத்துவிட்டால் ரத்தப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். நேராக இதய மருத்துவரிடம் போங்கள், சமீபத்தில் பல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.